லாம்பு எரியும் கிணறு

காத்தான்குடியைத் தாண்டிக் கல்முனை வீதியில் தெற்கே வந்தால் ஆரையம்பதி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மணல். இந்த மணலில்தான் என் தொழில் வளர்ந்தது. வாட்டர் பம்ப், ஜெனரேற்றர், மருந்தடிக்கும் மிசின், புல்லு வெட்டும் மிசின் என்று சின்ன இஞ்சின் எதுவானாலும் திருத்துவேன். சில பம்புகளை நாள் வாடகைக்கும் கொடுக்கிறேன். சத்தத்தைக் கேட்டே வால்வு குறையா, கார்பரேற்றர் குறையா என்று சொல்லுமளவுக்குக் காது பழகிவிட்டது. ஆனால் அந்த இஞ்சினின் சைலன்சரால் வெளியே வரும் ஒரு வாயுவைக் கண்ணாலும் மூக்காலும் காதாலும் பிடிக்க முடியாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையில் கரிப்பும் இல்லை. புகை மணக்கிறதே என்பீர்கள். மணப்பது எரியாமல் வந்த எண்ணெய். கொல்வது காபனோரொட்சைட்.

எங்கள் எழுவான்கரையில் இதைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை நெடுங்காலம் இருக்கவில்லை. மணலில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். கொட்டு இறக்கிய கிணற்றின் கட்டுக்குப் பக்கத்தில் மிசினை வைத்து, சக்சன் ஹோஸை உள்ளே விட்டால் வேலை முடிந்தது. புகை கடற்காற்றோடு போய்விடும். 2004 மார்கழி 26இல் கடல் வந்த பிறகு இந்தக் கரை முழுவதும் கிணறுகள் உப்பாகிப் போயின. தொண்டு நிறுவனங்கள் லொறி லொறியாகப் பம்புகளைக் கொண்டுவந்து இறக்கின. அதுவரை ஸ்டார்டர் கயிற்றைத் தொட்டிராத கைகளெல்லாம் மிசின் ஓட்டின. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புத் தண்ணீர் மேலே ஏறிவிடும், ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு மாரி மழைக்குக் காத்திருங்கள் என்று பின்பு நீரியல் அறிஞர்கள் வந்து சொன்னார்கள். அந்த மாதங்களில் எத்தனையோ பேர் பயிற்சியில்லாமல் இஞ்சின் ஓட்டியும் புகையால் பெரிய ஆபத்து வராததற்குக் காரணம், கிணறுகள் ஆழமில்லாதவை, மிசின்கள் மேலே நின்றன என்பதுதான் என் எண்ணம்.

வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனால் கதை வேறு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பம்பைப் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றும் மிதவையில், ஏற்றித்தான் மண்முனைத்துறையைக் கடப்போம். அக்கரையில் கொக்கட்டிச்சோலையையும் தாண்டி உள்ளே போகப் போக மண் இறுகும், கிணறு ஆழமாகும். ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் இன்னும் கீழே போய்விடும். அங்கேதான் பம்பின் இயல்பு ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது.

பம்ப் தண்ணீரை இழுக்கிறது என்று நாம் சொன்னாலும், உண்மையில் தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் அந்த அழுத்தம் 10.3 மீற்றர் உயரத்துக்கு மேல் தண்ணீரை ஏற்றாது. ஹோஸில் உராய்வு, புட்வால்வில் கசிவு, சீலில் தேய்வு எல்லாம் கழித்தால் ஆறு, ஏழு மீற்றர்தான் கைக்கு வரும். அதற்குக் கீழே தண்ணீர் இருந்தால் எவ்வளவு வலுவான இஞ்சினை வைத்தாலும் வெறும் காற்றுத்தான் வரும். தள்ளுவதற்கு அந்த எல்லை இல்லை. ஆகவே மனிதன் யோசிக்கிறான்: மிசினைத் தண்ணீருக்குக் கிட்ட இறக்கினால் என்ன? இரண்டு பலகையைக் குறுக்கே போட்டு, கயிற்றில் மிசினை இறக்கி, அங்கேயே ஸ்டார்ட் பண்ணுகிறான். தண்ணீர் குபுகுபுவென்று வருகிறது. பம்பின் கணக்குப்படி அவன் செய்தது முழுவதும் சரி. அதனால்தான் இந்தப் பழக்கத்தை நிறுத்துவது இவ்வளவு கடினம். தண்ணீர் வந்துவிட்டதே என்கிறவனிடம் காற்றைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது.

ஒருமுறை கடைக் கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குறுக்களவு 2 மீற்றர், நீருக்கு மேலே வெற்றிடம் 8 மீற்றர் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 25,000 லீற்றர் காற்று. 163 சிசி பெற்றோல் இஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை காற்றை இழுக்கும். இழுப்பதில் கொஞ்சம் குறைத்துக் கணக்கிட்டாலும் நிமிடத்துக்கு 230 லீற்றருக்கு மேல் புகை தள்ளும். இந்தச் சின்ன இஞ்சின்களின் புகையில் காபனோரொட்சைட் நூற்றுக்குச் சில பங்கு இருக்கும். ஐந்து பங்கு என்று வைத்தால் நிமிடத்துக்குப் பன்னிரண்டு லீற்றர். கிணற்றுக்குள் சமமாகக் கலந்தால் ஒவ்வொரு நிமிடமும் பத்து லட்சத்துக்கு 480 பங்கு ஏறும். 1,200 பங்கு ஆனாலே உடனடி உயிராபத்து என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனத்தின் அளவு. என் கணக்கில் அது மூன்றாவது நிமிடம். நம் ஆட்கள் மணிக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

இஞ்சின் தெரிந்தவனுக்கு இதைவிடக் கவலையான விசயம் ஒன்று உண்டு. மூடிய இடத்தில் இஞ்சின் தன் புகையையே திரும்ப உறிஞ்சும். ஒட்சிசன் குறையும்போது எரிபொருள் பாதிதான் எரியும், காபனோரொட்சைட் இன்னும் கூடும். எயார் பில்டரில் தூசி அடைத்திருந்தால், சோக்கைத் திறக்க மறந்திருந்தால், பெற்றோலில் தொடங்கிச் சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டால் இதேதான். பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்துக் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பைக் கண்டால் இந்த மிசின் எங்கே ஓடுகிறது என்று கட்டாயம் கேட்பேன்.

எங்கள் பெரியவர்களுக்கு ஒரு சோதனை தெரியும். பழைய கிணற்றில் ஆளை இறக்குமுன் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அணைந்தால் இறங்கக் கூடாது, எரிந்தால் இறங்கலாம். இது மூடநம்பிக்கை இல்லை. பாழடைந்த கிணற்றில் இலைகுழை அழுகி ஒட்சிசன் குறைந்திருக்கும், காற்றைவிடப் பாரமான காபனீரொட்சைட் அடியில் தங்கியிருக்கும். அங்கே சுடர் அணைந்துவிடும், மனிதன் விழுமுன்னமே அது சொல்லிவிடும். இந்த அறிவால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று நினைத்து நான் அவர்களை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சோதனை இஞ்சின் இல்லாத காலத்துக் கிணற்றுக்கு உரியது. காபனோரொட்சைட் பத்து லட்சத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் பங்கு இருந்தாலும் சுடருக்கு ஒன்றும் ஆகாது, ஒட்சிசன் போதுமான அளவு இருக்கிறதே. மனிதனுக்குத்தான் அது நஞ்சு. அது காற்றின் பாரத்தை ஒட்டியது என்பதால் அடியில் படியாது, உயர்ந்தும் போய்விடாது, எங்கும் கலந்து நிற்கும். லாம்பு தெளிவாக எரிந்துகொண்டிருக்கும் கிணற்றில் ஆள் சாகலாம். பெற்றோல் ஆவி நிற்கும் கிணற்றில் சுடரை இறக்குவது அதைவிட வேறோர் ஆபத்து.

படுவான்கரையில் ஒரு வளவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மிசின் நின்றுவிட்டது, வந்து பாருங்கள் என்று. போனபோது இளம்பொடியன் ஒருவன் மாமரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு சத்தியெடுத்துக்கொண்டிருந்தான். மிசினை ஸ்டார்ட் பண்ண இரண்டு தரம் இறங்கி ஏறியிருக்கிறான். வெயில் பிடித்துவிட்டது என்று தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்திருந்தார்கள். அவனுடைய மச்சான் அடுத்ததாக இறங்க ஏணியில் கால் வைத்திருந்தான். வீட்டுப் பெரியவர் லாம்பைக் கயிற்றில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாம்பு எரியிது மனே. காத்து நல்லாத்தான் இரிக்கி. எறங்கு" என்றார்.

"ஐயா, பொறுங்க. மிசின் உள்ளுக்கத்தான் ஓடினதா?"

"ஓம். காலமயிலிருந்து ஓடினது. இப்பதான் நிண்டது."

"அப்ப ஒருத்தரும் எறங்கப்படா. தம்பி, கால மேல எடுங்க."

அவனுக்குக் கோபம். மிசின் என்னுடையது இல்லையே, எனக்கேன் இவ்வளவு பதற்றம் என்பதுபோல் பார்த்தான். நான் ஏணியைத் தூக்கி வெளியே போட்டுவிட்டேன். மிசின் ஏன் நின்றது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பெற்றோல் இருக்கிறது, பிளக் புதிது. அது தன் புகையிலேயே மூச்சடைத்து நின்றிருக்கிறது. பிறகு கயிற்றில் மிசினை மேலே இழுத்துப் பிளக்கைக் கழற்றியபோது அந்தக் கறுப்பு இருந்தது.

பொடியனைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது. 1990க்கு அடித்தோம். சுவசெரிய அம்பியுலன்ஸ் வந்தது. நானும் கூடப் போனேன், ஏனென்றால் நடந்ததைச் சொல்ல ஆள் வேண்டும். விரலில் மாட்டிப் பார்த்தபோது ஒட்சிசன் 98 என்று காட்டியது. கூட வந்த அவனுடைய மாமனாரின் முகம் தெளிந்தது. "தொண்ணூத்தெட்டாம், வீட்ட போகலாந்தானே" என்றார். கிணற்றுக்குள் மிசின் ஓடியதை டொக்டரிடம் சொன்னேன். அவர் அந்த எண்ணைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. பை தொங்கும் ஒட்சிசன் மாஸ்கைப் போடச் சொல்லி, இரத்தம் எடுத்து, இதயத்துக்கு ஈசிஜியும் எடுத்தார். பிறகு எங்களுக்கு விளக்கிச் சொன்னார். அன்றைக்குக் கேட்டதை இன்றுவரை கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

இரத்தச் சிவப்பணுவில் ஒட்சிசனைச் சுமப்பது ஹீமோகுளோபின். காபனோரொட்சைட் அதைப் பற்றிப்பிடிக்கும் வலு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல். மண்முனைத்துறையில் பாதை முழுவதும் ஏறிக்கொண்டு, அக்கரை வந்தும் இறங்க மறுக்கிற ஆட்களைப் போல அது இருக்கையைப் பிடித்துவிடும். ஒட்சிசன் துறையில் காத்து நிற்கும். விரலில் மாட்டும் கருவி இரத்தத்தின் நிறத்தைத்தான் படிக்கிறது. காபனோரொட்சைட் ஏறிய இரத்தமும் நல்ல சிவப்பு. அதனால் 98 என்று காட்டும், ஆள் உள்ளே மூச்சுத் திணறிக்கொண்டிருப்பான். இரத்தத்தைத் தனியாகச் சோதித்தால்தான் உண்மை தெரியும். சும்மா காற்றில் விட்டால் நஞ்சு பாதியாகக் குறைய நாலைந்து மணித்தியாலம் ஆகும். மாஸ்கில் முழு ஒட்சிசன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம். அழுத்த அறைக்குள் வைத்து ஒட்சிசன் கொடுக்கும் வசதியிருந்தால் அரை மணித்தியாலத்துக்குள். அப்படிப்பட்ட அறை எல்லா ஊரிலும் இல்லை. மாஸ்க் எங்கும் உண்டு. அதைச் சரியான நேரத்தில் போட வைப்பது, கூடப் போகிறவன் சொல்லும் ஒரு வார்த்தைதான்: "மிசின் ஓடின இடத்தில இருந்தவர்."

அந்தப் பொடியன் மறுநாளே எழுந்து நடந்தான். இரண்டு, மூன்று கிழமை கழித்து அவன் மனைவி என் கடைக்கு வந்தா. "அண்ணன், இவர் சொன்னதையே மறக்கிறார். கடைக்குப் போனா என்னத்துக்கு வந்தனெண்டு தெரியாம நிக்கிறார். சும்மா சும்மா கோவப்படுறார்" என்றா. நானோ மெக்கானிக். ஆனால் டொக்டர் அன்றைக்கே எச்சரித்திருந்தார். நஞ்சு இறங்கியபின் சில நாளிலோ, ஏறக்குறைய நாற்பது நாளுக்குள்ளோ மூளை இப்படித் தடுமாறலாமாம். ஞாபகம், நடை, குணம் மாறலாமாம். திரும்பவும் அவரிடமே கூட்டிப் போகச் சொன்னேன். பல மாதம் எடுத்து மெல்லத் தேறினான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எங்கள் பக்கத்தில் கிணற்றடியில் மயங்கியவன் பிறகு மாறாட்டமாகப் பேசினால் சனம் வேறு காரணம் தேடும். கிணற்றில் ஏதோ இருக்கிறது, காற்றுப்பட்டுவிட்டது என்று நூல் கட்டப் போவார்கள். நூல் கட்டுவதை நான் தடுப்பதில்லை. கட்டிக்கொண்டு வைத்தியசாலைக்கும் போங்கள் என்பேன்.

கிணற்றுக்குள் ஒருவன் விழுந்தால் அடுத்தவன் பாய்வதுதான் நம் இயல்பு. அண்ணன் விழுந்தால் தம்பி, தம்பிக்காக அயலவன். அதனால்தான் இப்படிப்பட்ட செய்திகளில் அடிக்கடி ஒரே குடும்பத்துப் பெயர்கள் சேர்ந்து வருகின்றன. கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் வந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். பாரமான ஆளைத் தூக்கும்போது மூச்சைப் பிடிக்க முடியாது. கால்தான் முதலில் துவளும், மயக்கம் என்று உணருமுன் ஏணியைப் பிடித்த கை நழுவிவிடும். இறங்கவே வேண்டிய கிணறு என்றால், இறங்குமுன்னமே இடுப்பிலும் தோளிலும் கயிறு கட்டி மேலே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அப்போது தூக்க இன்னொருவன் இறங்கத் தேவையில்லை. கயிறு இல்லாமல் விழுந்துவிட்டால் மூச்சுக்கருவியோடு வரும் தீயணைப்புப் படைக்கும் 1990க்கும் அறிவித்துவிட்டு மேலேயிருந்து கயிறு, கொக்கி எதையாவது முயலலாம். ஒன்றும் செய்யாமல் மேலே நிற்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த மச்சானை நிறுத்தியபோது அவன் கண்ணில் கண்டேன்.

பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. டீசலும் இல்லை, காஸும் இல்லை. பங்குனி கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு. வருசக்கணக்காகப் பெட்டிக்குள் கிடந்த ஜெனரேற்றர்களெல்லாம் என் கடைக்கு வந்தன. திருத்திக் கொடுக்கும்போது எங்கே வைத்து ஓட்டுவீர்கள் என்று கேட்பேன். குசினிக்குள், விறாந்தையில், படிக்கட்டின் கீழ் என்பார்கள். களவு போய்விடும் என்ற பயம் ஒன்று, மழைக்கு நனையும் என்பது மற்றொன்று. ஜன்னல் திறந்திருக்குமே என்பார்கள். ஜன்னல் திறந்திருந்தால் போதாது, பல வேளைகளில் புகை அந்த ஜன்னலாலேயே உள்ளே வரும். வீட்டிலிருந்து ஆறு மீற்றராவது தள்ளி, சைலன்சர் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க, மேலே மட்டும் தகரம் போட்டு ஓட்ட வேண்டும். 2020இல் அமெரிக்காவின் லூசியானாவை லோறா சூறாவளி தாக்கியபோது, அங்கே கடல் பெருகிச் செத்தவர்களைவிட அதன்பின் ஜெனரேற்றர் புகையில் செத்தவர்கள் அதிகம். எங்கள் ஊரும் 1978 சூறாவளியைக் கண்டதுதான். 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல் வந்து மின்சாரம் போனபோதும் எனக்கு முதலில் வந்த நினைப்பு இதுதான். புயலைக் கண்டு பயந்தவர்கள் கதவை இறுக்கிப் பூட்டிக்கொண்டு உள்ளே மிசினை ஓட்டுவார்கள்.

காஸ் இல்லாத அந்த நாட்களில் சிரட்டைக் கரியும் வீட்டுக்குள் வந்தது. கரி புகையாது என்பதால் பாதுகாப்பு என்று நினைப்பு. தணல் புகையாமல்தான் காபனோரொட்சைட்டைக் கொடுக்கும். 2024 ஆவணியில் கொடைக்கானல் விடுதியொன்றில் இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழும்பவில்லை. இங்கே குளிரில்லை, ஆனால் பிள்ளை பெற்ற தாய்க்குச் சாம்பிராணி போட நெருப்புச்சட்டி உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. போட்டுவிட்டுச் சட்டியை வெளியே எடுங்கள், கதவைத் திறந்து விடுங்கள், அவ்வளவுதான் கேட்பது. வயிற்றுப் பிள்ளையின் இரத்தம் இந்த நஞ்சைத் தாயின் இரத்தத்தைவிட இறுக்கிப் பிடிக்கும், விடவும் நேரமெடுக்கும். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் ஜெனரேற்றரைப் பற்றி நான் இரண்டு தரம் பேசுவேன்.

அடையாளம் காண்பது எப்படி என்று கேட்கிறார்கள். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், சத்தி, கால் சோர்வு, நெஞ்சு இறுக்கம். எல்லாம் வேறு நோய்க்கும் வரும். மாரி காலத்தில் டெங்கு என்பார்கள், கலியாண வீட்டுக்குப் பிறகென்றால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். நான் பார்ப்பது மூன்று விசயம்: காய்ச்சல் இல்லை. ஒரே வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் வருகிறது. வெளியே வந்தால் தெளிகிறது, உள்ளே போனால் திரும்ப வருகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் இஞ்சினையோ தணலையோ தேடுங்கள். உடம்பு செவ்விளநீர் போலச் சிவக்கும் என்று யாராவது சொன்னால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். அது உயிரோடு இருப்பவர்களிடம் அரிதாகத்தான் தெரியும்.

சுவிசிலிருந்து வந்த உறவுக்காரத் தம்பி ஒருவர் தன் வீட்டில் இருப்பது போன்ற சின்ன அலாரம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். ஐரோப்பியத் தரப்படி பத்து லட்சத்துக்கு 300 பங்கு வந்தால் மூன்று நிமிடத்துக்குள் அது கத்த வேண்டும். கடைக்கு வருபவர்கள் நம்பாவிட்டால் பழைய பம்பை ஓட்டி, சைலன்சருக்குக் கொஞ்சத் தூரத்தில் பெரிய பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, அதற்குள் அலாரத்தை வைத்துக் காட்டுவேன். அது கத்தும். வாளிக்குள் மெழுகுதிரி வைத்தால் எரியும் என்று பெரியவர்களிடம் சொல்வேன். அப்போதுதான் லாம்பைப் பற்றிப் பேச்சு வரும்.

பம்ப் வாடகைக்குக் கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது நீர்மட்டம் எவ்வளவு கீழே என்று. ஏழு மீற்றருக்குள் என்றால் மிசினும் நீளமான ஹோஸும் கொடுப்பேன், ஹோஸுக்கு மேலதிகக் காசு வாங்குவதில்லை. அதற்கும் கீழே என்றால் பெற்றோல் மிசின் தரமாட்டேன். தண்ணீருக்குள் மூழ்கி வேலைசெய்யும் கரண்ட் மோட்டரைக் கயிற்றில் இறக்கி, மின்சாரத்தை மேலிருந்து கொடுக்கலாம். ஜெனரேற்றர் என்றால் கிணற்றுக் கட்டிலிருந்து காற்றுப் போகும் பக்கமாகத் தள்ளி நிற்க வேண்டும். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அந்தக் கடைக்காரரும் என்னிடம் வேலை பழகிய பொடியன் என்றால் அவனும் தரமாட்டான்.

போன கிழமை ஒருவர் ஜெனரேற்றரை எடுக்க வந்தார். ஒழுங்கைக்குள் நெருக்கமான வளவு, மதிலோடு மதில். "ஆறு மீற்றர் தள்ளி வைக்க எங்க அண்ணன் இடம்? அங்கால வைச்சா அடுத்த வீட்டுக் குசினி ஜன்னல்" என்றார். உண்மைதான், எங்கள் ஊரில் பாதி வளவுக்கு அந்த அளவு இல்லை. போய்ப் பார்த்தேன். எந்த மூலையில் வைத்தாலும் யாரோ ஒருவரின் ஜன்னலுக்குள் புகை போகும். பற்றரியில் எரியும் இரண்டு லைட்டும் சின்ன மேசைக் காற்றாடியும் போதுமா என்று அவர் மனைவியிடம் கேட்டோம். பிரிட்ஜ்தான் கஷ்டம் என்றா. ஜெனரேற்றர் இன்னும் என் கடையில் இருக்கிறது.